தீப்பெட்டிக்குள் விடிவெள்ளி

எங்கள் பக்கத்தில் மனிதர்களைப் போலவே ஊர்களுக்கும் தலைப்பெழுத்து உண்டு. சிவகாசியில் பேருந்து ஏறி வெறுமனே 'புதுப்பட்டி ஒண்ணு' என்று சீட்டுக் கேட்டால், நடத்துநர் நிமிர்ந்து பார்த்து 'எந்தப் புதுப்பட்டி?' என்பார். புதிதாகக் குடியேறி நாலு குடிசை போட்ட இடமெல்லாம் புதுப்பட்டி என்று பெயர் பெற்ற கரிசல் சீமை இது. பட்டி என்பது முதலில் ஆடுமாடு அடைக்கும் அடைப்பு, பிறகு அந்த அடைப்பைச் சுற்றி எழுந்த சிற்றூர்; விருதுநகரே ஒரு காலத்தில் விருதுபட்டிதான். ஆகவே அடையாளத்துக்கு முன்னால் ஓர் எழுத்து: எம். புதுப்பட்டி. அந்த எழுத்து நம்முடையதன்று, உரோமருடையது. உரோமருக்குக் கிரேக்கர் வழி வந்தது, கிரேக்கர் அதைப் பினீசியரிடம் பெற்றார்கள், பினீசியரோ அதற்கு 'மேம்', அதாவது தண்ணீர் என்று பெயரிட்டிருந்தார்கள். எழுத்தின் நெளிவே நீரலையின் படம் என்பார்கள். வானம் பார்த்த பூமியில், கோடையில் குடத்தோடு வரிசை நிற்கும் ஊருக்கு முன்னால் தண்ணீர் என்று பொருள்படும் எழுத்தொன்று காவல் நிற்பதை நினைத்து நான் பலமுறை தனியே சிரித்திருக்கிறேன்.

சொற்களை நேசிக்கும் உங்களிடம் சொல்வதற்கென்ன, இப்படித் தொடங்கிவிட்டால் எங்கள் ஊரில் கண்ணில் படுவதெல்லாம் கிரேக்கமும் இலத்தீனுமாகவே தெரியும். எங்கள் பெண்கள் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போவதில்லை. 'தீப்பெட்டி ஆபீஸுக்கு'ப் போகிறார்கள். பட்டாசு செய்யுமிடம் 'வெடி ஆபீஸ்'. நகரத்திலிருந்து வரும் உறவினர்கள் இதைக் கேட்டு, நாற்காலி மேசையில்லாத ஆபீஸா என்று கேலி செய்வதுண்டு. கேலி செய்கிறவர்கள் இலத்தீன் அறியாதவர்கள். ஆபீஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான 'ஓபிகியும்' வேலை என்ற சொல்லும் செய்தல் என்ற சொல்லும் கூடிப் பிறந்தது. அதன் உடன்பிறப்பான 'ஓபிகீனா' உரோமரிடம் பட்டறையைக் குறித்தது. எழுதுகோலும் கோப்பும் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை. சொல்லின் பழைய பொருளைத் தெரியாமலே காப்பாற்றி வைத்திருப்பது, குச்சி அடுக்கிக்கொண்டிருக்கும் எங்கள் ஊர்ப் பெண்கள்தாம். (இலங்கைத் தமிழர் ஆபீஸைக் 'கந்தோர்' என்பார்கள்; ஒல்லாந்தரின் 'கண்டோர்' அது. அந்த ஒல்லாந்தரைச் சற்று நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட வேண்டியிருக்கும்.)

அந்த ஆபீஸில் கலக்குவது என்ன? மருந்து. இரசாயனம் என்ற சொல் அங்கே வாயில் வராது. மருந்து கலக்குகிறார்கள், குச்சியை மருந்தில் முக்குகிறார்கள், பெட்டியின் பக்கவாட்டில் மருந்து தடவுகிறார்கள். விபத்து நடந்தால் 'மருந்து உராய்ஞ்சிருச்சு' என்று தாழ்ந்த குரலில் சொல்கிறார்கள். நோய் தீர்ப்பதும் மருந்து, தேவர் உண்ட அமிழ்தும் மருந்து, ஆளைத் தூக்கி எறிவதும் மருந்து என்று ஒரே சொல் மூன்று வேலை பார்ப்பது விந்தையாகத் தோன்றினால், கிரேக்கரின் 'பார்மகோன்' என்ற சொல்லைப் பாருங்கள்: மருந்து, நஞ்சு, வசியம் மூன்றும் அதற்குள் அடக்கம். உரசினால் பற்றும் குச்சியை முதலில் செய்து விற்ற ஆளும் ஒரு மருந்துக்கடைக்காரர்தான். இங்கிலாந்தில் டீசு ஆற்றங்கரை ஊரான ஸ்டாக்டனில் கடை வைத்திருந்த ஜான் வாக்கர், 1827 ஏப்ரலில் தம் முதல் விற்பனையைக் கணக்கில் எழுதினார். காப்புரிமை வாங்க அவருக்குத் தோன்றவில்லை. அந்த விட்டுக்கொடுப்பிலிருந்துதான் நான் தேடிக்கொண்டு போகிற பெயர் பிறந்தது.

பெயருக்கு வருவதற்கு முன் ஒரு தீப்பெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே படம்; அணிலோ, சேவலோ, பூவோ ஏதோவொன்று. உள்ளே மெல்லிய மரக்குச்சிகள்; முன்பெல்லாம் கேரளத்து மட்டி மரத்தில் சீவியவை. அந்த மர இனத்துக்குத் தாவரவியலார் வைத்த பெயர் 'அயிலாந்தசு'; இந்தோனேசியத் தீவொன்றில் வானத்து மரம் என்று பொருள்படும் சொல்லை எடுத்து, கிரேக்கப் பூவின் சாயல் வரும்படி வால் ஒட்டிய பெயர். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் வச்சிரமும் சேர்ந்த மருந்து. பெட்டியின் இரு விலாவிலும் பழுப்பும் கருமையுமாக ஒரு பட்டை. அந்தப் பட்டையில்தான் சிவப்புப் பாஸ்பரஸ் இருக்கிறது. நாம் தேடும் பெயர் அதுதான்: பாஸ்பரஸ். பாடநூலில் பாசுபரசு, இலங்கையில் பொசுபரசு. எத்தனை விதமாய்த் தமிழில் எழுதினாலும் அது ஒரு கடவுளின் பெயர்.

ஆதியில் அது 'போஸ்போரோஸ்'. ஆங்கிலேயரைப் பின்பற்றிப் பற்களுக்கிடையே காற்றை விட்டு 'ஃபாஸ்ஃபரஸ்' என்று சொன்னால்தான் நாகரிகம் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். பழங்கிரேக்கத்தில் அந்த எழுத்து காற்றொலியே அன்று; இதழ் இரண்டும் கூடிப் பிரிந்து மூச்சு சற்றுப் பலமாக விடும் பகர ஒலி. 'பாஸ்பரஸ்' என்று இதழ் ஒட்டச் சொல்லும் எங்கள் ஊர் மேற்பார்வையாளர், இலண்டன் பேராசிரியரைவிட ஏதென்ஸ் நகரத்துப் பழங்கிழவருக்கு நெருக்கமாக உச்சரிக்கிறார். மெய்யெழுத்துப் போதவில்லை என்று நம் நெடுங்கணக்கைக் குறை சொல்பவர்களிடம் இதை ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

பெயரைப் பிரித்தால் இரண்டு துண்டு: 'போஸ்' ஒளி, 'போரோஸ்' சுமப்பவன். ஒளி சுமப்பவன். இந்த இரு துண்டுக்கும் தமிழில் வேரில்லை. ஆனால் வடமொழி வழியாக நம் வீட்டுக்கு வந்து தங்கிவிட்ட விருந்தாளிகளுக்கு இவை தாயாதி. ஒளியைக் குறிக்கும் அந்த முதல் துண்டின் பங்காளிகள்தாம் பானு, பாஸ்கரன், பிரபை எல்லாரும். சுமத்தலைக் குறிக்கும் இரண்டாம் துண்டின் பங்காளிகள் பாரமும், குடும்பபாரம் சுமக்கிற பர்த்தாவும். பிரபையும் பாரமும் ஒரு வாக்கியத்தில் சேர்ந்து வரும்போதெல்லாம், பாதி பாஸ்பரஸ் அங்கே ஒளிந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

யார் அந்த ஒளிசுமப்பான்? வைகறையில் ஞாயிற்றுக்கு முன்னோடியாகக் கிழக்கில் எழும் மீன். கிரேக்கர் அதைக் கையில் பந்தம் ஏந்திய இளைஞனாகக் கண்டார்கள். விடியலாகிய 'எயோஸ்' என்ற பெண்ணின் மகன் என்றார்கள். (எயோஸுக்கு நம் கோயில்களில் உறவு உண்டு, உஷக்கால பூசையின் உஷஸ் அவளுக்கு உடன்பிறந்தாள்.) மாலையில் மேற்கில் தோன்றும்போது அதே மீனுக்கு 'எஸ்பெரோஸ்' என்று வேறு பெயர், வேறு ஆள், வேறு கதை. இரண்டும் ஒன்றே என்று கண்டுபிடித்த பெருமை யாருக்கு, பித்தகோரசுக்கா பார்மெனிடிசுக்கா என்று பழையவர்களே வழக்காடியிருக்கிறார்கள். நம்மவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. விடியலில் கண்டால் விடிவெள்ளி, அந்தியில் கண்டால் அந்திவெள்ளி. அடைமொழிதான் மாறும், வெள்ளி வெள்ளிதான்.

வெள்ளி என்ற சொல்லின் அழகே தனி. வெள் என்ற அடியில் பிறந்து வெண்மையும் வெள்ளையும் வெளிச்சமும் வெளியும் வெளிறும் கைகோத்து நிற்கிற குடும்பத்தில், வானத்து மீனுக்கும் காலில் போடும் கொலுசின் உலோகத்துக்கும் ஒரே பெயர் வைத்தவர்கள் இரண்டின் நிறத்தையும் கண்ணால் கண்டு வைத்தார்கள். அதற்கு ஆள் உருவம் கொடுக்கவில்லை. கையில் பந்தம் கொடுக்கவில்லை. அது தெற்கே சாய்ந்தால் மழை பொய்க்கும் என்று கணக்கு மட்டும் வைத்திருந்தார்கள். வெள்ளி திசைமாறித் தெற்கே போனாலும் காவிரி பொய்க்காது என்றுதான் பட்டினப்பாலையின் வாயிலே திறக்கிறது. அந்த மீனுக்குரிய நாள் வெள்ளிக்கிழமை. கிழமை என்பது உரிமை; கிழவன், கிழத்தி, கிழார் எல்லாம் உரியவர்கள். உரோமரும் அதே நாளை அதே மீனின் தெய்வமான வீனசுக்கு உரியதாக்கினார்கள், பிரெஞ்சுக்காரர் நாவில் அது இன்றும் 'வாந்திரெதி'. விடி என்ற முன்சொல்லோ விடு என்பதன் பக்கத்து வீட்டுக்காரி என்றே என் காதுக்குப் படுகிறது. இருள் பிடியை விடுவது விடிவு. கடன்காரனும் நோயாளியும் 'எனக்கு எப்பத்தான் விடியுமோ' என்று கேட்பதும் அதே விடிவைத்தான்.

வடநூலார் அந்த மீனைச் சுக்கிரன் என்றதும் ஒளியை வைத்தே. ஆனால் அங்கே கதை சேர்ந்துவிட்டது: சுக்கிராச்சாரியார் அசுரர்களின் குரு, மாவலி தாரை வார்க்கும்போது வண்டாகிக் கமண்டலத்தின் மூக்கை அடைத்து, தருப்பையால் ஒரு கண்ணை இழந்தவர். விடிவெள்ளி அசுரர் பக்கம் போய்ச் சேர்ந்த இந்தக் கதையை மனத்தில் ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். மேற்கிலும் அது அந்தப் பக்கமே போயிற்று.

உரோமர் போஸ்போரோஸை அப்படியே மொழிபெயர்த்தார்கள்: 'லூக்' ஒளி, 'பெர்' சுமத்தல், லூக்கிபெர், நம் வழக்கில் லூசிபர். முதல் துண்டின் வடமொழிப் பங்காளி 'ருச்', ஒளிர்தல். அதிலிருந்து வந்த ருசி முதலில் ஒளியாக இருந்து, பிறகு விருப்பமாகி, கடைசியில் சாம்பாரில் வந்து விழுந்தது. லூசிபரும் ருசியும் ஒரே அடுப்பில் பிறந்தவை என்று சொன்னால் பாதிரியார் முகம் சுளிப்பார். அவர் சுளிப்புக்குக் காரணம் ஒரு மொழிபெயர்ப்பு. ஏசாயா ஆகமத்தின் 14ஆம் அதிகாரத்தில், செருக்கி விழுந்த பாபிலோன் மன்னனை ஒளிர்கிறவனே, விடியலின் மகனே என்று எபிரேயம் எள்ளி அழைக்கிறது. கிரேக்கத்தில் அது விடியல் சுமப்பவன் ஆயிற்று. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலத்தீனாக்கிய ஜெரோம் 'லூசிபர்' என்று எழுதினார். அவருக்கு அது மீனின் பெயர், வேறொன்றுமில்லை. அதே இலத்தீன் வேதத்தில் பேதுருவின் இரண்டாம் நிருபம் நெஞ்சில் உதிக்கும் நம்பிக்கையின் ஒளியையும் லூசிபர் என்றே சொல்கிறது. அந்த நூற்றாண்டில் சார்தீனியாத் தீவில் லூசிபர் என்ற பெயரிலேயே ஓர் ஆயரும் இருந்தார். வானத்திலிருந்து விழுந்தவன் என்றால் சாத்தான்தானே என்று உரையாசிரியர்கள் விரிக்க விரிக்க, மீன் மறைந்து பேய் நின்றுவிட்டது. ஆங்கில வேதமும் அந்த இடத்தில் சொல்லைப் பெயர்க்காமல் பெயராகவே விட்டது.

தமிழ் வேதத்தை மொழிபெயர்த்தவர்களோ இரண்டு இடத்திலும் விடிவெள்ளி என்றே எழுதினார்கள். தமிழ் வேதம் வாசிக்கிற பாட்டிமாருக்கு லூசிபர் என்ற பேயை அந்த அதிகாரத்தில் தேடினாலும் கிடைக்காது. நம் சொல் பார்வையிலிருந்து நகராதது. கதையை ஏற்றிக்கொள்ள அதற்குத் தோள் இல்லை. இது குறையா நிறையா என்று கேட்டால், மொழிபெயர்ப்பாளனுக்கு நிறை, புராணிகனுக்குக் குறை என்பேன்.

கதை என்றதும் இன்னொரு சொல்லைத் தொடாமல் போக மனம் வரவில்லை. கிரேக்கரின் 'மூதோஸ்' முதலில் வெறும் பேச்சு, வாய்ச்சொல். பிறகு சொல்லப்பட்ட கதை. பிறகு நம்பத்தகாத கதை. நம் 'கதை'யும் சொல்லுதல் என்ற வடமொழி அடியில் பிறந்து அதே வழியில் நடந்து, 'கதை விடாதே' என்பதில் வந்து நிற்கிறது. புராணம் என்றால் பழையது. இவ்விரண்டும் போதாதென்று இருபதாம் நூற்றாண்டின் திறனாய்வாளர்கள் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது 'தொன்மம்'. தொல்காப்பியர் எட்டு வனப்புகளில் ஒன்றாகச் சொல்லும் தொன்மை, உரையோடு சேர்ந்து வரும் பழங்கதையைக் குறித்தது. அந்தத் தொன்மையைச் சற்றுத் தட்டி நீட்டினால் தொன்மம். தொல் என்ற அடி பெருமையானதுதான், தொல்காப்பியமும் தொல்லியலும் அதில் நிற்கின்றன. ஆனால் பழமை என்று மட்டும் பொருள்பட்ட 'தொல்லை' இன்று எதைக் குறிக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மீன் எப்படிப் பெட்டிக்குள் வந்தது? 1669இல் ஆம்பர்க் நகரத்து இரசவாதி எனிக் பிராண்டு, பொன் செய்யும் ஆசையில் மனிதச் சிறுநீரைக் காய்ச்சிக் காய்ச்சி இறுக்கியபோது, இருட்டில் தானே ஒளிரும் மெழுகு போன்ற பொருளொன்று கிடைத்தது. தானே ஒளிரும் எதையும் அக்காலத்தில் பாஸ்பரஸ் என்பார்கள். மற்றவற்றிடமிருந்து அந்தப் பெயரைப் பிடுங்கி இது தனக்கே வைத்துக்கொண்டது. விடியலின் மகன் மூத்திரத்தில் மறுபிறவி எடுத்த கதை எந்தப் புராணிகனுக்கும் தோன்றாதது.

ஜான் வாக்கர் காப்புரிமை வாங்காததால், இலண்டன் வணிகர் சாமுவேல் ஜோன்ஸ் அதே குச்சியைத் தாமும் செய்து 'லூசிபர்' என்று பெயரிட்டு விற்றார். இங்கேதான் எனக்குப் பிடித்த முரண்: அந்த முதல் லூசிபர் குச்சியில் பாஸ்பரஸ் ஒரு துளியும் கிடையாது. அஞ்சனக் கல்லும் பொட்டாசியம் குளோரேட்டுந்தான். 1830 வாக்கில் வெள்ளைப் பாஸ்பரஸைக் குச்சித் தலையில் ஏற்றினார்கள். ஒளிசுமப்பான் என்ற இலத்தீன் பெயரும் ஒளிசுமப்பான் என்ற கிரேக்கப் பெயரும், ஒன்றையொன்று தெரியாமலே, ஒரு குச்சியின் முனையில் சந்தித்தன. சந்திப்பு நல்லதாக முடியவில்லை. வெள்ளைப் பாஸ்பரஸ் வேலையாட்களின் தாடை எலும்பை அரித்தது. 1888இல் இலண்டனில் தீக்குச்சிப் பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள், 1906இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடித் தடை உடன்படிக்கை செய்தன, இந்தியாவிலும் 1913இல் தடைச்சட்டம் வந்தது. அதற்குள் சுவீடன்காரர்கள் தீங்கு குறைந்த சிவப்புப் பாஸ்பரஸைத் தலையிலிருந்து இறக்கிப் பெட்டியின் விலாவுக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். 1922இல் சிவகாசியிலிருந்து அய்யநாடாரும் சண்முகநாடாரும் கல்கத்தாவுக்குப் போய்க் கற்று வந்தது இந்தக் காப்புத் தீக்குச்சித் தொழிலைத்தான். தலையில் பேய் இருந்த காலம் முடிந்தபின் எங்கள் ஊருக்கு வந்தது தீப்பெட்டி. அதில் எனக்குச் சிறு ஆறுதல்.

பெயர் மட்டும் ஒல்லாந்தில் ஒட்டிக்கொண்டது. அங்கே இன்றும் தீக்குச்சிக்கு 'லூசிபர்' என்பதுதான் சாதாரணச் சொல். அடுப்படியில் அம்மா பிள்ளையிடம் லூசிபரை எடுத்து வா என்பாள். இந்த ஒல்லாந்தர் நாகப்பட்டினத்தை 1781இலும் யாழ்ப்பாணத்தை 1795இலும் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். இன்னும் நாற்பது ஆண்டு இருந்திருந்தால், கந்தோரைத் தந்தவர்கள் லூசிபரையும் தந்திருப்பார்கள். யாழ்ப்பாணத்தவர் நெருப்புப்பெட்டி என்று தெளிவாகச் சொல்வதற்குப் பதில், உலுசிப்பெட்டி என்று ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார்கள். நமக்கு வாய்த்தவை தீப்பெட்டி, நெருப்புப்பெட்டி, வத்திப்பெட்டி மூன்றும். வத்தி மட்டும் திரியைக் குறிக்கும் வர்த்தி என்ற வடசொல்லின் தேய்வு.

அதே சாமுவேல் ஜோன்ஸ் இன்னொரு சரக்கும் விற்றார்: நுனியில் அமிலக் குமிழ் வைத்துத் தாள் சுற்றிய 'புரொமீதியன்'. குமிழை உடைத்தால் பற்றும். பீகிள் கப்பலில் போன டார்வின் அதைப் பல்லால் கடித்துப் பற்றவைத்து, தென்னமெரிக்க நாட்டுப்புறத்தாரை வாய்பிளக்க வைத்ததாக எழுதியிருக்கிறார். இந்தப் பெயரின் சொந்தக்காரன் புரொமீதியஸ், வானத்துத் தீயைத் திருடி மனிதருக்குத் தந்தவன். கிரேக்கர் தங்கள் காதுக்கு அதை 'முன்யோசனைக்காரன்' என்று பிரித்தார்கள். தம்பி எபிமீதியஸ் 'பின்யோசனைக்காரன்'. 1859இல் அடால்பர்ட் கூன் என்ற செருமானியர் இதை வடமொழியின் 'பிரமந்த'வோடு, அதாவது தீக்கடையும் கோலோடு இணைத்தார். மந்தரமலையும் அதே கடைதலைச் சேர்ந்தது. இதை மறுத்தவர்கள் பலர். எனக்கும் முழு நம்பிக்கை இல்லை. ஆனால் விட மனமில்லாத பொய் என்று சில உண்டல்லவா?

தீக்கடைகோலுக்குத் தமிழின் பழஞ்சொல் ஞெலிகோல். ஞெலிதல் என்றால் கடைதல். ஞகரத்தில் தொடங்கும்போதே கோல் சுழலும் ஓசை கேட்கிறது. புறநானூற்றின் 315ஆம் பாட்டில் அதியமான் அஞ்சியை ஔவையார் கூரையிறப்பில் செருகிய ஞெலிகோலுக்கு ஒப்பிடுகிறார்: சும்மா கிடந்தால் குச்சி, வேண்டும்போது தீ. புரொமீதியஸும் தீயை அப்படித்தான் மறைத்துக் கொண்டுவந்தான், ஒரு செடியின் உட்டுளையுள்ள தண்டுக்குள். கிரேக்கர் 'நார்த்தெக்ஸ்' என்ற அந்தச் செடி நம் பெருங்காயச் செடியின் நெருங்கிய இனம். தீ திருட்டுக்குத் தண்டனையாகத் தேவர்கள் அனுப்பிய பெண் பண்டோரா, அவள் திறந்தது உண்மையில் ஒரு தாழி. 16ஆம் நூற்றாண்டில் எராசுமுசு என்ற அறிஞர் தாழியைப் பெட்டியென்று மாற்றிவிட, உலகம் முழுவதும் அது பண்டோராவின் பெட்டி ஆயிற்று. புரொமீதியஸின் தீயும் பண்டோராவின் பெட்டியும் தமிழில் ஒரு பகரம் மிகுந்து புணர்ந்து தீப்பெட்டி ஆகிவிட்டதை இப்போது உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்கு இரவு தூக்கம் வராது.

பட்டாசுப் பக்கம் போனால் இன்னும் சில தெய்வங்கள் அகப்படும், ஆனால் வேகமாகக் கடந்துவிடுகிறேன். வெண்பொறி சிதற வைக்கும் டைட்டானியம், வானவரோடு போரிட்டுத் தோற்ற டைட்டன்களின் பெயரால் 1795இல் அழைக்கப்பட்டது. எங்கள் ஆட்கள் பச்சை உப்பு என்று சொல்லும் பேரியம் உப்பு, 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் அடிபட்டது, பெயரளவில் கனமானது என்றே பொருள்படும். கிரேக்கரின் 'பருஸ்'ஸும் வடமொழியின் குருவும் ஒரே வேர். மத்தாப்பு பாரசீக 'மஃதாப்', நிலவொளி. சாலையோரத்தில் 'வல்கனைசிங் ஒர்க்ஸ்' என்று பலகை தொங்கும் பஞ்சர் கடையில் உரோமரின் தீக்கடவுள் வல்கன் கந்தகமும் சூடுமாக இரப்பரைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறான்.

ஆனால் ஒளிசுமப்பான் பாண்டிநாட்டுக்கு முதலில் வந்தது பாஸ்பரஸாக அன்று. அயோனியர் என்ற கிரேக்கக் குடியின் பெயர் கிழக்கே வந்து யவனர் ஆயிற்று. அவர்களோடு சவுக்கைக் குறிக்கும் மத்திகையும், நிலத்தடி வழியைக் குறிக்கும் சுருங்கையும் தமிழுக்கு வந்தன. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் அரண்மனை இருண்டபோது பணிமகளிர் நெய் பெய்து திரி கொளுத்தும் விளக்கு எது தெரியுமா? யவனர் செய்த பாவை. கையில் அகல் ஏந்தி நிற்பது. கிரேக்கர் தம் பெண்தெய்வங்கள் சிலரையும், ஆர்த்தெமிசையும் எக்காத்தேயையும், ஒளி ஏந்தியவள் என்ற பொருளில் 'போஸ்போரோஸ்' என்றே வணங்கினார்கள். நக்கீரரின் பாவை எந்தத் தெய்வத்தின் சாயல் என்று பாட்டு சொல்லவில்லை. அவர் கண்ட பொருளின் பெயரை மட்டும் எழுத்தெழுத்தாய்க் கிரேக்கத்தில் பெயர்த்தால், போஸ்போரோஸ் என்றுதான் வரும்.

எங்கள் அம்மாச்சி பெட்டி ஒட்டினவள். விரல் இடுக்கில் எப்போதும் காய்ந்த பசை இருக்கும். ஆபீஸ் வண்டி இருட்டில் வரும், அதற்கு முன் உலை வைக்க வேண்டும். திண்ணையில் நின்று கிழக்கே பார்த்துவிட்டு 'வெள்ளி முளைச்சிருச்சு, எந்திரிய்யா' என்று என்னை எழுப்புவாள். அடைமழை நாளில் குச்சித் தலை நமத்துப்போயிருக்கும். அதை எடுத்துக் காதோரத்து முடியில் நாலு தேய் தேய்த்து, பிறகு பெட்டியின் விலாவில் இழுப்பாள். அந்த இழுப்பின் சூட்டில் சிவப்புப் பாஸ்பரஸில் கடுகளவுகூட இல்லாத ஒரு துணுக்கு வெள்ளையாக மாறிக் காற்றில் பற்றிக்கொள்ளும், அதிலிருந்து தலைமருந்து பிடித்துக்கொள்ளும். இதெல்லாம் நான் பின்னால் படித்தது. அவளுக்குத் தீக்குச்சி என்ற சொல்கூட அதிகம். பற்றாமல் மூன்று குச்சி வீணானால் அடுப்படியிலிருந்து ஒரே குரல்தான் வரும்: 'ஏய்யா, அந்த நல்ல பெட்டிய எங்க வச்ச?'